மாமியாரின் விமானம்

அத்தியாயம் 11

அருங்காட்சியகக் கூடத்தில், கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்த விமானத்தின் மூக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. வால் நெஞ்சளவில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் அவன் சங்கிலியைப் பூட்டிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினான்.

"இதை யார் எழுதினது?"

சுவரைப் பார்த்துத்தான் கேட்டான். மனைவியைப் பார்க்கவில்லை.

சுவரில் மாட்டியிருந்த பலகையின் மேல் அவளே ஒட்டியிருந்த பழுப்புத் தாள் மின்விசிறிக் காற்றில் கழன்று ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த கொட்டை எழுத்துகள் வாசல்வரைக்கும் தெரிந்தன.

'வானத்துக்காகப் பெற்ற பிள்ளையையே உதறிய வீராங்கனை.'

அந்த உதறப்பட்ட பிள்ளைதான் இப்போது கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவன்.

அவனை இந்த வேலைக்குச் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? இந்தப் பக்கத்திலேயே முதன்முதலில் விமானம் ஓட்டிய பெண் தன் மாமியார் என்று அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான அவள் ஆரம்பித்தபோதே அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூடிக்கிடந்த பறக்கும் சங்கத்தின் கொட்டகையிலிருந்து அந்தப் பழைய இரட்டை இருக்கை விமானத்தை அவள் மீட்டு வந்ததும், அவனுக்குத் தெரியாமல் மாமியாருக்குப் போன் செய்ததும் தெரியவந்தபோது வீட்டில் பேச்சே நின்று போயிற்று. கடைசியில் அவனாகவே ஒரு நாள் வந்து சொன்னான். விமானத்தைக் கூரையில் தொங்க விடுகிற வேலையைச் செய்து தருகிறேன், ஊரில் வேறு எந்தப் பட்டறைக்கும் அது ஆகாது. ஆனால் விழாவுக்கு வரமாட்டேன், அந்த அம்மாவைப் பார்க்கவும் மாட்டேன்.

அவ்வளவே போதும் என்று அவள் கும்பிடு போட்டாள்.

"நம்ம குழுத் தலைவர் எழுதினதுங்க," என்றாள் இப்போது. "அவர் அச்சகத்துலதான் பலகையெல்லாம் அடிச்சாங்க."

"அடிக்கிறதுக்கு முன்னால நீ பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு, தாளை ஒட்டி மறைச்சு வச்சே."

விழா முடிந்த பிறகு பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். பக்குவம் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது என்று அவனை வளர்த்த பெரியம்மாகூட அவளைக் கிண்டல் செய்வதுண்டு.

"ஊரே வந்து படிக்கும்," என்றான் அவன். "படிச்சிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். உதறின சரக்கு இதுதான்னு. அதுக்கு நானே கொக்கி மாட்டித் தரணும்."

வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் திறப்பு விழா. வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இடம் போதாதென்று பஞ்சு அடைத்த முதலையைத் தூக்கிச் சைக்கிள் கொட்டகையில் போட்டிருந்தார்கள். அது வருகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே விமானம் அந்தரத்தில் சாய்ந்து நின்றது. வாலுக்கடியில் சுற்றிய பெல்ட்டைத் தாங்கும் பின்பக்கச் சங்கிலியைக் கவனித்துக்கொண்டிருந்த பட்டறை ஆள், எல்லோரும் கட்டையன் என்று கூப்பிடுகிறவன், மேலே பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"ரொம்ப நேரம் இப்படி விட முடியாதுக்கா. அண்ணன்கிட்ட சொல்லுங்க."

எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் ஒரு வாடகைக் கார் பின்வாசலில் வந்து நின்றது.

சாயங்காலம் வரவேண்டியவர் காலையிலேயே வந்துவிட்டார்.

ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. ஒடிசலான உடம்பு. கையில் ஒரு தடி. அதை ஊன்றுவதைவிடச் சுட்டிக்காட்டத்தான் அதிகம் பயன்படுத்தினார். போனில் மட்டுமே பேசியிருந்த மாமியாரை மருமகள் இப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறாள். கணவனின் தாடை அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

மாமியார் அவளைப் பார்க்கவே இல்லை. நேராக விமானத்தின் கீழே போய் நின்றார். இறக்கையில் போர்த்தியிருந்த துணியை விரலால் தட்டிப் பார்த்தார். முன்னால் ஒரு பெட்டியில், வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஊர்களுக்கு அவர் மேலிருந்து இறக்கிய மருந்துப் பொதிகளில் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வால் பக்கம் நடந்தார். நடந்தவர் நின்றுவிட்டார்.

"இந்த பெல்ட்டை இங்க போடச் சொன்னது யாரு?"

கேட்டு வாய் மூடுவதற்குள் விமானத்தின் உடம்புக்குள் எங்கோ மரம் முனகியது.

கட்டையன் சங்கிலியை இறுகப் பிடித்தான். வாசலில் நிழல் தட்டியது. முனகல் சத்தம் படிக்கட்டுவரை கேட்டிருக்க வேண்டும். அவள் கணவன் உள்ளே வந்து நின்றிருந்தான்.

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு வயதில் விட்டுப்போன பிள்ளைக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. பார்க்கமாட்டேன் என்று சொன்னவன் கண்ணை எடுக்கவில்லை.

முதலில் பேசியது மாமியார்தான்.

"பெல்ட் வெறும் மரச் சட்டத்துல விழுந்திருக்குங்க. ஒரு சாண் முன்னால, சீட்டுக்குப் பின்னாடி, இரும்பு வளையம் இருக்கு. அதுலதான் விழணும். மூக்கு மேல இருக்கறதால மொத்தக் கனமும் பின்னால சரியுது. முதல்ல மூக்கைக் கொஞ்சம் இறக்குங்க."

பெற்ற பிள்ளையைப் பார்த்து 'ங்க' போட்டுப் பேசினார்.

அவன் கையுறையைக்கூட எடுக்காமல் முன்சங்கிலிக்குப் போனான். பூட்டை விடுவித்து, கண்ணி கண்ணியாக இறக்க ஆரம்பித்தான். விமானம் லேசாக ஆடியது. மாமியார் தடியைக் கீழே போட்டுவிட்டு வால் பக்கம் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் துணியின் மேல் வைத்தார். நோயாளியின் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிற மருத்துவர் மாதிரி இருந்தது.

"அத்தை, அடியில நிக்காதீங்க," என்றாள் மருமகள்.

"இரும்மா. கை வச்சாத்தான் தெரியும். இறக்குங்க... இன்னும்... இறக்குங்க..."

சடக்கென்று ஒரு சத்தம். பெல்ட் இழுபட்டு வால் ஒரு முழம் கீழே இறங்கியது.

"நிறுத்துடா!"

சங்கிலி நின்றது. அடுத்த நொடி அவன் பாய்ந்து வந்து வாலுக்கு அடியில் தோளைக் கொடுத்தான். அந்தப் பக்கம் மாமியாரின் தோள். இருவருக்கும் நடுவில் விமானத்தின் வால். கட்டையனும் அவளுமாகப் பழைய நாணயங்கள் வைக்கிற கனமான மேசையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நாணயங்கள் நாலா பக்கமும் உருண்டன. மேசை வாலுக்கு அடியில் போனதும்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

துணி கிழியவில்லை. உள்ளே மெல்லிய சட்டம் ஒன்று மட்டும் விரிசல் விட்டிருந்தது. மாமியார் சொன்ன இடத்துக்கு பெல்ட்டை மாற்றினார்கள். அவர் சொல்லச் சொல்ல அவன் ஏற்றினான். வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை இருவர் வாயிலும் வரவில்லை. விமானம் மெல்ல மெல்ல மேலே போய், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிற தோரணையில், கூரைக்குக் கீழே நின்றது.

மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமியார் வாங்கிக் குடித்துவிட்டு, மகனின் கையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவசரத்துல 'டா' போட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்ல," என்றான் அவன்.

அதோடு விட்டிருந்தால் அன்றைய பொழுது நல்லபடியாகப் போயிருக்கும். டம்ளரைக் கீழே வைக்கத் திரும்பிய மாமியாரின் கண்ணில் பலகை பட்டுவிட்டது.

ஒரு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

இது தலைவர் எழுதியது, எனக்கும் பிடிக்கவில்லை என்று மருமகள் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நான் உதறல," என்றார்.

கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பப் போன அவன் நின்றான்.

"வேற என்ன சொல்றது அதுக்கு? அக்கா வீட்ல விட்டுட்டுப் போனீங்க. வரவே இல்ல."

"வந்தேன்."

"எப்போ?"

"விமான ட்ரெய்னிங் முடிஞ்ச கையோட. வேலை கிடைச்ச ஊர்ல எனக்கு வீடு குடுத்திருந்தாங்க. பக்கத்துலயே பள்ளிக்கூடம் பார்த்து வச்சிருந்தேன். ரெண்டு டிக்கெட் வாங்கிட்டுத்தான் வந்தேன். நீங்க என்னைப் பார்த்ததும் வீறிட்டுக் கத்தினீங்க. கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க. நான் கையை நீட்டினா கடிச்சீங்க. அக்கா சொன்னா, 'பையன் உன்னை மறந்துட்டான், உன்னைக் கண்டாலே பயப்படறான், கொஞ்ச நாள் போகட்டும்'னு. சரின்னு போனேன். அடுத்த தடவையும் அதே மாதிரி. அதுக்கப்புறம்..." அவர் நிறுத்தினார். "ஒரு குழந்தையை எத்தனை தடவைதான் பயமுறுத்தறது?"

அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. மருமகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பார்த்திராத முகம் அது.

"தோல் கோட்டு," என்றான் மெதுவாக. "தோல் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க."

"நான்தான்."

"இல்ல. அது ஊசி போடற அம்மா."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்குக் காலையிலயே பெரியம்மா சொன்னாங்க," என்றான். "இன்னைக்கு ஊசி போடறவங்க வருவாங்க, பெரிய ஊசி, உன்னைத் தூக்கிட்டுப் போய்ப் போடுவாங்க, நான் சொல்றவரைக்கும் கட்டிலுக்கு அடியிலயே இருன்னு. ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டு தடவையும் காலையிலயே சொன்னாங்க."

"ஊசியா?" என்றார் மாமியார். ஒரு வார்த்தைதான். பிறகு தடியைத் தேடி எடுத்து, முதல் தடவையாக அதை நன்றாக ஊன்றிக்கொண்டார்.

வாசல் பக்கம் ஏதோ அசைந்தது. மருமகள் திரும்பிப் பார்த்தாள். விழாவுக்கென்று இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் மகனுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் இவனை ஒருவனை வைத்து உயிரை வளர்த்தவர். காய்ச்சல் என்றால் விடிய விடிய உட்கார்ந்தவர். பட்டறை வைத்துக் கொடுத்தவர். மருமகளையும் மகள் மாதிரிதான் பார்த்துக்கொண்டார்.

"பெரியம்மா," என்றான் அவன். "ஊசி போட வந்தது யாரு?"

பெரியம்மா தங்கையைப் பார்த்தார். தங்கை அவரைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு வேலையைப் பாருப்பா," என்று டப்பாவை ஜன்னல் மேடையில் வைத்தார். "விழா முடியட்டும். பேசிக்கலாம்."

திரும்பிப் போய்விட்டார். அவர் பின்னால் ஓடிப் போயிருக்க வேண்டும் என்று மருமகளுக்குச் சாயங்காலம்தான் தோன்றியது. அப்போது முடியவில்லை, காரணம் தலைவர். அருங்காட்சியகக் குழுவின் தலைவரான அந்த அச்சக உரிமையாளர், பூமாலையும் கையுமாக உள்ளே நுழைந்தார்.

பலகையைக் கழற்ற வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் சிரித்தார். ஜனங்களுக்கு உருக்கமாக ஏதாவது வேண்டும், அந்த ஒரு வரியில்தான் உருக்கம் இருக்கிறது, பத்திரிகைக்காரர்களுக்கும் அதையேதான் கொடுத்திருக்கிறேன் என்று விளக்கினார். சம்பந்தப்பட்டவர்களே அப்படி இல்லை என்கிறார்களே என்றாள். சரித்திரத்தைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு எழுத முடியாது என்றார்.

அவள் கணவனின் கருவிப் பையைத் திறந்தாள். திருகாணி முடுக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினாள்.

"அம்மா, அதுல கை வச்சீங்கன்னா நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்கான்னு பார்த்துக்கங்க."

"நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்," என்றாள். பக்குவம் பார்க்காமல் அவள் செய்த முதல் காரியம் அதுதான். கடைசித் திருகாணி இறுகிக் கிடந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து முடுக்கியை வாங்கிக்கொண்டது. அவள் கணவன்.

சாயங்காலம் வாசல் நிரம்பிவிட்டது. மேடையில் மாமியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். வரமாட்டேன் என்றவன் அழுக்குச் சட்டையோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றான். முன்வரிசையில் பெரியம்மாவுக்கென்று வைத்த நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

தலைவர் பேச ஆரம்பித்தார். பலகையில் போன வரியை ஒலிபெருக்கியில் மீட்டுவிடுவது என்று வந்திருப்பார் போலிருக்கிறது. உதறினார், துறந்தார், தியாகம் செய்தார் என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார். கூட்டம் கைதட்டியது. மருமகள் கடைசி வரிசையைப் பார்த்தாள். அவன் அங்கே இல்லை. காலி நாற்காலியை அவனும் கவனித்திருக்கிறான்.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

"பெரியம்மா வீட்ல இல்ல," என்றான். மூச்சு வாங்கியது. "வீடு பூட்டியிருக்கு. சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்து, நான் வந்தா என்கிட்ட குடுக்கச் சொன்னாங்களாம். கையில பை இருந்துச்சாம்."

"எங்க போறேன்னு சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. நான் தேடறேன்."

அவள் மேடைக்குப் பின்பக்கமாக ஏறி, மாமியாரின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள். அப்போதுதான் தலைவர் விழா நாயகியைப் பேச அழைத்தார். கைதட்டல் எழுந்தது. மாமியார் எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எங்க அக்காவைக் காணோம்," என்றார். "போய்ப் பார்த்துட்டு வரேன். மன்னிக்கணும்."

கைதட்டல் பாதியில் நின்றது. தலைவர் பின்னாலேயே வந்து ஏதோ சொன்னார். மாமியார் தடியை எட்டி எட்டி ஊன்றி மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் கார்கள் ஒன்றை ஒன்று மறித்து நின்றன. மருமகளின் ஸ்கூட்டர்தான் கிடைத்தது. வானத்தில் பறந்தவர் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அத்தை?"

"ஸ்டேஷனுக்கு. சின்ன வயசுல வீட்ல கோவிச்சுக்கிட்டா அவ அங்கதான் போய் உக்காருவா. நான் போய்க் கூட்டிட்டு வருவேன். ஒரு நாளும் ரயில் ஏறினதில்ல."

கொஞ்ச தூரம் போன பிறகு தோளில் பிடி இறுகியது.

"இன்னைக்கு ஏறிடுவா. வேகமாப் போ."

கடைத்தெருவைத் தாண்டி, மரக்கடை முனையில் திரும்பினால் ரயில்வே கேட். அதற்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன். அவர்கள் திரும்பியபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. கேட்டின் கம்பி இறங்க ஆரம்பித்திருந்தது. மருமகள் பிரேக்கை அழுத்தினாள். வண்டி சரியாக நிற்பதற்குள் மாமியார் இறங்கிவிட்டார். அத்தை, வேண்டாம் என்று அவள் கூப்பிட்டதை அவர் கேட்கவில்லை. கேட் கீப்பர் அதட்டியதையும் கேட்கவில்லை. குனிந்து, கம்பிக்குக் கீழே நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்த மங்குகிற வெளிச்சத்தில் பிளாட்பாரத்தை நோக்கி நடந்தார்.

கம்பி முழுவதும் இறங்கிவிட்டது. போன் மறுபடியும் அடித்தது.

"என்னங்க, ஸ்டேஷன் கேட்டுல நிக்கிறேன்," என்றாள். "அத்தை அந்தப் பக்கம் போயிட்டாங்க. ரயில் வருது. பெரியம்மாவும் அங்கதான் இருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

எதிர்முனையில் அவன் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இதோ வந்துட்டேன். அம்மாவைப் போக விட்டுடாத."

தன்னை வளர்த்தவரை அவன் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். பெற்றவரைக் கூப்பிட்டதே இல்லை. யாரையும் அம்மா என்று அவன் உரிமையோடு சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. யாரைச் சொல்கிறான் என்று அவள் கேட்பதற்குள் ரயில் வந்துவிட்டது.